நான் வெட்டிய இருமல்

போன வருடம் மழைக்காலம். மயிலாப்பூரில், கடற்கரைப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது.

என் கணவருக்குத் தொண்டையில் கட்டி. குரல்வளையையே எடுத்தாக வேண்டும், அதன் பிறகு பழைய குரல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சர்ச்சில் ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கிற மனுஷர் அவர். உங்களுக்கு எதற்கு மைக் என்று நான் கேலி செய்த குரல் அது. மகளுக்கோ கல்யாணம் குறித்தாகிவிட்டது. ஆபரேஷன் அதற்கு முன்னால்.

எங்கள் குடும்பங்களில் மணப்பெண் சர்ச்சுக்குக் கிளம்பும் முன் வீட்டில் எல்லோரும் முழங்காலில் நிற்போம். அப்பா ஜெபம் சொல்லி, பெண்ணின் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவார்.

"அன்னிக்கு எனக்குக் குரல் இருக்காது. அத மட்டும் இப்பவே சொல்லி வச்சிடறேன், வீடியோ எடுத்துடு" என்றார். அப்போதே பாதிக் குரல் போயிருந்தது.

நான் பள்ளி ஆசிரியை. ஆன்லைன் வகுப்பு நடத்திய காலத்தில் வீடியோ எடிட்டிங் ஓரளவு கற்றுக்கொண்டிருந்தேன். போனில் எடுத்தால் அவர் குரல் சரியாகக் கேட்காது என்று, கூட வேலை செய்யும் பாட்டு டீச்சரிடம் ஒரு சின்ன ரெக்கார்டரும் சட்டையில் மாட்டும் மைக்கும் இரவல் வாங்கி வந்தேன். படம் போனில், குரல் ரெக்கார்டரில். அவர் புனிதர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்ல, நாங்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொன்னோம். நடுநடுவே இருமினார். இருமி முடித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆள் பிழைத்தார், குரல் போய்விட்டது. அவர் வீடு திரும்பிய பிறகுதான் எடிட் செய்ய உட்கார்ந்தேன். முதல் வேலையாக, கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்த குரல் பதிவிலிருந்த இருமலையெல்லாம் வெட்டினேன். கல்யாணத்தன்று அதைக் கேட்டுப் பெண் அழக் கூடாதே. வெட்டியதை அதே பெயரில் சேமித்தும் தொலைத்தேன், பழையது அழிந்துபோனது. ரெக்கார்டரை ஏற்கெனவே திருப்பிக் கொடுத்தாயிற்று.

படத்தையும் குரலையும் பொருத்துகிற வேலையை மென்பொருளே செய்துவிடும். போனில் பதிந்த சத்தத்தையும் ரெக்கார்டரில் பதிந்த சத்தத்தையும் ஒப்பிட்டு, ஒன்றின் மேல் ஒன்றைச் சரியாக வைக்கும். பட்டனை அழுத்தினேன். திரையில் அவர் உதடு மாதாவை அழைக்கிறது, குரல் அந்தோணியாரை அழைக்கிறது. மறுபடி அழுத்தினால் வேறொரு புனிதர். ஜெபத்தில், போனில் உரக்கப் பதிந்ததெல்லாம் எங்கள் பதில்தான். ஒரே வரி, திரும்பத் திரும்ப. அதுவும்தான் எதை எதோடு பொருத்தும், பாவம். கையால் நகர்த்திப் பார்த்தேன். ஓரிடத்தில் சேர்ந்தது, கொஞ்ச தூரத்தில் விலகிவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. படத்தில் அவர் இருமுகிற நேரம் அப்படியே இருக்கிறது, குரலில் அந்த நேரத்தையே நான் வெட்டி எறிந்திருக்கிறேன்.

மறுபடி எடுக்கலாம் என்றால் அந்தக் குரலுக்கு எங்கே போவது?

பாட்டு டீச்சருக்கு போன் போட்டேன். போட்டிக்குப் பிள்ளைகள் பாடுவதைப் பதிவு செய்ய வேண்டும் என்று அவர் அவசரப்படுத்தித்தான் ரெக்கார்டரைத் திருப்பி வாங்கியிருந்தார்.

"அதுல இருந்தத அழிச்சிட்டீங்களா மிஸ்?"

"அழிக்கலாம்னுதான் எடுத்தேன் மிஸ். போட்டுப் பாத்தா சார் ஜெபம் பண்ணிக்கினு இருக்காரு. மனசு வரல. பசங்கள என் போன்லயே எடுத்துக்கிட்டேன்."

கொட்டுகிற மழையில் ஆட்டோ பிடித்து தி. நகரில் அவர் வீட்டுக்குப் போய் ரெக்கார்டரை வாங்கி வந்தேன்.

வெட்டாத பதிவைப் போட்டுப் பட்டனை அழுத்தியதும் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. எங்கள் பதில் எல்லாம் ஒரே மாதிரி, ஆனால் அவருடைய ஒரு இருமல் இன்னொன்றைப் போல இல்லை. போனிலும் அது நன்றாகவே பதிந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் மென்பொருள் இடம் கண்டுபிடித்திருக்க வேண்டும். நிம்மதியில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இருமல் வந்ததும் இரண்டு விரலைக் கத்தரிக்கோலாக்கி, வெட்டு என்று சைகை செய்தார்.

"முடியாதுங்க. இந்த இருமலாலதான் எல்லாம் சேந்துது" என்றேன். தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார்.

கல்யாணத்தன்று காலையில் டிவியில் அந்த வீடியோவைப் போட்டு எல்லோரும் முழங்காலில் நின்றோம். திரையில் அவர் இருமியபோது ஒருவரும் அசையவில்லை, முடிகிற வரை காத்திருந்தார்கள். கடைசியில் குரல் ஆசீர் சொல்ல, பக்கத்தில் நின்ற அவர் கை மகளின் நெற்றியில் சிலுவை போட்டது. அவள் அழத்தான் செய்தாள். கூட நாங்களும்.

இப்போது அவர் எல்லாவற்றையும் எழுதிக் காட்டுகிறார், நானும் பழகிக்கொண்டேன். ஆனாலும் அவர் குரலில் நல்லதை மட்டும் வைத்துக்கொள்ளப் பார்த்து, அதை மொத்தமாகவே தொலைக்க இருந்தேனே என்று நினைத்தால் இன்றும் ஒரு பெருமூச்சு வருகிறது.