கிணற்று மருந்தும் நீலப் பெட்டாவும்

வெள்ளம் வடிந்து கிணற்றுக்குக் குளோரின் இட்டால், ஒரு நாள் முழுவதும் அந்த நீரைப் பயன்படுத்தக் கூடாது. சுகாதாரப் பரிசோதகர் எங்கள் கிணற்றுக்கு மருந்து போட்டபோது இதைத் தெளிவாகச் சொன்னார். அரச சேவையில் ஆயுள் முழுவதும் பிறருக்கு விதிகளை வாசித்துக் காட்டிய நான், இது குடிப்பவர்களுக்கான விதி என்று முடிவு செய்தேன்.

மகள் வெளிநாடு போனபின் என் மனைவி முதன்முதலாக வளர்ப்பது ஒரு நீலப் பெட்டா மீன். காலையில் அதனோடுதான் அவளுக்கு முதல் பேச்சு. மருந்து போட்ட மறுநாள் விடிந்ததும் அவள் ஓட்டமாவடிச் சந்தைக்குப் போன நேரம், சின்னத் தொட்டியின் நீர் முழுவதையும் மாற்றினேன். அவள் திரும்பியபோது மீன் பக்கவாட்டில் சாய்ந்து, நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடியது.

"மருந்துத் தண்ணியயா ஊத்தினீங்க?"

"இண்டைக்குச் சனிக்கிழமை. மாத்துற நாள்தானே?"

"ஓம், மீனுக்கும் ஒரு கலண்டர் வாங்கிக் குடுங்க!"

சொல்லிக்கொண்டே அடுப்படிக்கு ஓடினாள். சமையலுக்கென்று மருந்து போட முன்னரே அள்ளி வைத்திருந்த குடத்து நீருக்கு மீனை மாற்றினாள். பின்னேரம்தான் அது நிமிர்ந்து நீந்தியது. அதுவரை இருவரும் சாப்பிடவில்லை.

இப்போது நீரை வாளியில் இரண்டு நாள் திறந்து வைத்து, கடையில் விற்கும் குளோரின் நீக்கியும் விட்டு, மூன்றில் ஒரு பங்கை மட்டும் மாற்றுகிறேன்.

மருந்திட்ட நீர் மீனுக்கு எத்தனை நாளில் உகந்ததாகும் என்று சுகாதார அலுவலகத்துக்கும் எழுதிக் கேட்டேன். பெட்டா நன்றாகத் தேறி, நீர்மேல் குமிழிகளால் நுரைக்கூடு கட்டியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை பதில் வந்தது: "இவ்விடயம் எமது பிரிவுக்குரியதல்ல."