கார் கொட்டகையில் நான்கு சாரல்

என் வீட்டுக்காரர் பட்டாளத்துக்குப் புறப்பட்டபோது என்னைப் பற்றிச் சொன்னதைவிடக் காரைப் பற்றிச் சொன்னதுதான் அதிகம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. காரைப் பற்றிப் பேச அவருக்குத் தெரியும். மற்றதைப் பேசத் தெரியாது.

அவர் தென்காசியில் ஒரு பண்ணையாரிடம் டிரைவராக இருந்தார். பண்ணையாருக்குக் குற்றாலத்தில், மேலகரம் தாண்டி அருவிக்குப் போகிற சாலையில் ஒரு பங்களா உண்டு. அதன் பின்பக்கம் கார் நிறுத்த ஓட்டுக் கொட்டகை, கொட்டகையை ஒட்டி ஓர் அறை. கல்யாணமானதிலிருந்து அந்த அறைதான் எங்கள் குடித்தனம். யுத்தம் வந்தது, பெட்ரோலுக்குக் கூப்பன் போட்டார்கள். பண்ணையார் வில்வண்டிக்கு மாறிக்கொண்டார்; பங்களாவுக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். காரைக் கொட்டகையில் போட்டுவிடச் சொன்னார். ஓட்ட வண்டி இல்லாத டிரைவர் எத்தனை நாள் சும்மா இருப்பார்? பட்டாளத்தில் லாரி ஓட்ட ஆள் எடுத்தார்கள். பெயரைக் கொடுத்துவிட்டு வந்துதான் என்னிடம் சொன்னார்.

பண்ணையார் நல்லவர். "நீ எங்கேயும் போக வேண்டாம்மா. இங்கனயே இரு. பங்களாவையும் காரையும் பாத்துக்கோ. அவன் வந்து திரும்ப எடுக்கும்போது வண்டி வண்டியா இருக்கணும்" என்றார். எனக்குப் பிறந்த வீடு என்று போய் நிற்க இடம் கிடையாது. தலையாட்டினேன்.

போவதற்கு முந்தின நாள் காலையில் அவர் காரை மரக்கட்டைகள் மேல் தூக்கி வைத்தார். பெட்ரோலையும் தண்ணீரையும் வடித்தார். பேட்டரியைக் கழற்றித் தென்காசிக்கு அனுப்பினார். என்னை அருகே கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"இந்த வயரெல்லாம் ரப்பரு, மேல துணி. எலிக்குப் பலகாரம் மாதிரி. சீட்டுக்குள்ள குதிரை மயிரு. குட்டி போடுததுக்கு மெத்தை. பின்னால இந்தக் குழாய் இருக்குல்லா, இதுல துணியத் திணிச்சு வை. வெள்ளிக்கிழமை ஹாண்டிலைப் போட்டுப் பத்துச் சுத்து சுத்து. இல்லைன்னா எஞ்சின் உள்ள பிடிச்சுக்கிடும்."

"எலி வந்தா என்ன செய்ய?"

"மனுச வாடை இருந்தா வராது. தினமும் கொஞ்ச நேரம் உள்ள உக்காரு."

"காருக்குள்ளயா? நானா?"

"நீதான். வேற யாரு இருக்கா?"

மறுநாள் காலை ரயிலுக்குப் போனார். ஸ்டேஷனுக்கு நான் போகவில்லை. கொட்டகைக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சாலையைப் பார்த்தபடி நின்றேன்.

முதல் சாரலிலேயே எலிகள் வந்துவிட்டன. குற்றாலத்தில் ஆனி பிறந்தால் வானம் மூடிக்கொள்ளும். வளைகளில் தண்ணீர் ஏறினால் அதுகள் எங்கே போகும்? காய்ந்த இடம் தேடி வரும். ஒரு காலையில் பானட்டைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே தேங்காய் நார், கந்தல், பாதி தின்ற பலாக்கொட்டை. ஒரு வயரில் துணி பிய்ந்து ரப்பர் தெரிந்தது. என் கையையே யாரோ கடித்துவிட்டதுபோல் இருந்தது. அந்த இடத்தில் துணி சுற்றிக் கட்டினேன். பாச்சை உருண்டை வாங்கிப் போட்டேன். புகையிலைக் காம்பை நசுக்கி மூலைக்கு மூலை வைத்தேன். வேப்பிலைக் கொத்துகளைச் சக்கரத்தில் சொருகினேன். இரண்டு நாள் ஓய்ந்திருக்கும். மழை வாடையில் எல்லாம் நமுத்துப்போனதும் மறுபடியும் வரும்.

அப்போது எனக்குத் துணை என்று இருந்தது பக்கத்துத் தோப்பு வீட்டு அக்கா ஒருத்திதான். முஸ்லிம் வீட்டுப் பெண். அவள் புருஷன் ரங்கூனில் ஜவுளி வியாபாரம். ரங்கூனில் குண்டு விழுந்தது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவளுக்கு ஒரு தகவலும் இல்லை. சாயங்காலம் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வருவாள். கொட்டகை வாசலில் உட்கார்ந்து, நான் சீட்டைத் தட்டித் துடைப்பதைப் பார்ப்பாள்.

"உனக்காவது பாத்துக்கிட ஒரு காரு இருக்கு, புள்ள" என்பாள்.

அவள்தான் தன் பூனையைக் கொண்டுவந்து கொட்டகையில் விட்டாள். அது எலி பிடித்தது, உண்மைதான். ஆனால் பின்சீட்டுத் தோலில் நகத்தைத் தீட்டவும் செய்தது. பூனையிடமிருந்து காரைக் காப்பாற்றச் சாக்கு விரித்தேன். நாங்கள் இரண்டு பேரும் அதற்குச் சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகமிருக்கிறது.

சாரல் முடிந்த மாதத்தில் அவள் புருஷன் வந்துவிட்டார். காடும் மலையும் நடந்தே வந்தாராம். எலும்பும் தோலுமாக, காலில் புண்ணோடு. அவரைக் கடையநல்லூருக்குத் தன் மாமியார் வீட்டுக்குக் கூட்டிப்போக அக்கா வண்டி பிடித்தாள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு வண்டிவரை நடந்தாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலம் பொறாமையாகவும் இருந்தது. அதை மறைப்பானேன்? பூனையும் அவள் பின்னாலேயே போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் காருக்குள் உட்காருவது எனக்குப் பழக்கமானது. அதுவரை கதவைத் திறந்து பேருக்கு உட்கார்ந்து எழுந்துவிடுவேன். முதலில் பண்ணையாரம்மா உட்காரும் பின்சீட்டில் கூச்சத்தோடு ஓரமாக உட்கார்ந்தேன். பிறகு முன்னால், டிரைவர் இடத்துக்குப் பக்கத்தில். தினமும் விளக்கு வைக்கிற நேரம்வரை அங்கேயே இருப்பேன். அரிசி பொறுக்குவேன், பூக் கட்டுவேன். நாளாக நாளாகப் பேசவும் ஆரம்பித்தேன். "இன்னைக்குக் குரங்கு வந்துட்டுங்க. வண்டித் துணிக்கூரையில ஒரு முழம் கிழிச்சிட்டு. கோணி ஊசியால தச்சிட்டேன்." ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொல்வேன். சீசன் முடிந்தால் அந்தச் சாலையில் பங்களாக்கள் எல்லாம் பூட்டிக் கிடக்கும். நாள் முழுவதும் நான் பேசியது அந்த நாலு வார்த்தையாகத்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை ஹாண்டில் சுற்றுவேன். ஆரம்பத்தில் இரண்டு சுற்றுக்கே தோள் கழன்றுவிடும். பிறகு பத்தும் சுற்றினேன்.

இரண்டு மாதம், மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். எங்கே இருக்கிறார் என்று அதில் இருக்காது; இருந்தாலும் கறுப்பு மை தடவி அழித்திருப்பார்கள். சுகம், சாப்பாடு பரவாயில்லை, வண்டி எப்படி இருக்கிறது, இவ்வளவுதான். நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். சாரல் காலத்தில் என் அறைச் சுவர் வியர்த்து ஒழுகும். பெட்டிக்குள் வைத்த காகிதம்கூடப் பூசணம் பூத்துவிடும். காரில் டிரைவர் பக்கக் கதவில் ஒரு தோல் பை உண்டு. நான் அறிந்தவரை அந்தப் பங்களா வளவுக்குள் ஈரம் படாத இடம் அதுதான். கடிதங்களை அதில் வைத்தேன்.

மூன்றாவது சாரலில் எனக்குக் காய்ச்சல் கண்டது. நாலு நாள் பாயை விட்டு எழ முடியவில்லை. சட்டியில் இருந்த பழைய கஞ்சியைக் குடித்துக்கொண்டு கிடந்தேன். எனக்குப் பால் ஊற்றுகிறவர்கூடக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். குரல் கொடுக்க எனக்குத் தெம்பில்லை.

ஐந்தாம் நாள் காலை சுவரைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தேன். தோல் பையின் அடி கிழிந்திருந்தது. சீட்டுக்குக் கீழே காகிதத் துணுக்குகளாலேயே ஒரு கூடு. அதன் நடுவில் கண் திறக்காத குஞ்சுகள் ஏழெட்டு, செக்கச்செவேல் என்று நெளிந்துகொண்டிருந்தன. ஒரு துணுக்கில் 'சுகம்' என்று அவர் கையெழுத்து. இன்னொன்றில் கறுப்பு மை மட்டும்.

கூட்டை அப்படியே முறத்தில் அள்ளி மாமரத்தடியில் கொண்டுபோய் வைத்தேன். காக்கைகள் வரும் என்று தெரியும். வந்தன. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டில் போனவற்றில் கடைசியாக வந்த கடிதம் இரண்டு பக்கம். அவர் அவ்வளவு நீளமாக எழுதியது அந்த ஒரு முறைதான். இரண்டாம் பக்கத்தில் நெருக்கி எழுதியிருந்ததால் பாதி விளங்கவில்லை; நிதானமாகப் படித்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். கார்ப் படியில் உட்கார்ந்து அழுதேன். காரைத் திட்டினேன். அவரையும் திட்டினேன்.

அதன் பிறகு நான் எலிகளை விரட்டவில்லை, வழியை அடைத்தேன். பங்களாவில் கிடந்த காலி மண்ணெண்ணெய் டின்களை வெட்டித் தகடாக்கிக் கதவின் அடியில் அடித்தேன். சுவர் ஓட்டைகளில் உடைந்த கண்ணாடியும் சுண்ணாம்பும் குழைத்து அடைத்தேன். கார் ஏறி நின்ற மரக்கட்டை ஒவ்வொன்றுக்கும் ஒரு டின் தகட்டைக் குல்லாய்போல் கவிழ்த்துக் கட்டினேன். எலி ஏறினால் வழுக்கிக் கீழே விழும். கொட்டகை மேல் சாய்ந்திருந்த மாங்கிளையை நானே ஏறி வெட்டினேன். கையெல்லாம் தகடு கிழித்த காயம். நாலாவது சாரலில் ஒரு எலிப் புழுக்கைகூட உள்ளே விழவில்லை. ஆனால் அந்த வருஷம் ஒரு கடிதம்தான் வந்தது. பிறகு அதுவும் இல்லை. யுத்தம் முடிந்துவிட்டது என்று சீசனுக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அவர் பங்குனியில் ஒரு மத்தியானம் வந்தார். நான் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தேன். கறுத்து, காது ஓரமெல்லாம் நரைத்து, தோளில் ஒரு கான்வாஸ் பையோடு நின்றார்.

"வண்டி இருக்கா?" என்றார்.

"இருக்கு."

சாவியைக் கொடுத்தேன். பானட்டைத் தூக்கினார். வயர்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். நான் துணி சுற்றிய இடத்தில் விரல் நின்றது. குனிந்து தகட்டுக் குல்லாய்களைப் பார்த்தார்.

"இதெல்லாம் யாரு செஞ்சா?"

"நான்தான்."

ஒரு குல்லாயைக் கையால் பற்றிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. நான் அவர் முதுகில் கை வைத்தேன். அக்கா என் கையை விட்டுப் போனதற்குப் பிறகு நான் தொட்ட முதல் மனுஷ உடம்பு.

இரண்டு நாளில் பேட்டரி வந்தது. பண்ணையார் பெட்ரோலும் அனுப்பினார். கார் ஏழாவது சுற்றில் கிளம்பியது. புகையில் இருமிக்கொண்டே நான் சிரித்தேன்.

கடிதங்களை எலி தின்ற கதையை அவரிடம் சொன்னேன். "ரெண்டு பக்கம் எழுதினீங்களே, அந்தக் கடுதாசியில ரெண்டாம் பக்கம் என்ன எழுதியிருந்தீங்க?" என்று கேட்டேன்.

"ஞாபகம் இல்லட்டி. அப்ப காய்ச்சல்ல ஆஸ்பத்திரியில கிடந்தேன். பக்கத்துக் கட்டில்காரன் செத்துப்போனான். என்னமோ எழுதினேன்."

பண்ணையார் அந்த வருஷமே காரை விற்றுவிட்டார். வாங்கியவர் ஊருக்கு அதை ஓட்டிப்போய்விட்டு இவர் சாயங்கால ரயிலில் திரும்பினார். பிறகு செங்கோட்டையில் பஸ் டிரைவர் வேலை கிடைத்தது. நாங்களும் அங்கே குடிபோனோம். மலைப்பாதை பஸ். ஒரு நாள் போனால் மறுநாள்தான் வருவார். வந்தாலும் தின்பதும் தூங்குவதும்தான். பட்டாளத்தில் பட்டதை அவர் சொன்னதில்லை, கொட்டகையில் பட்டதை எனக்கும் சொல்லத் தெரியவில்லை. புது வீட்டில் முதல் நாள் அவர் வேலைக்குப் போனதும் நான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தவள் மலையாளம் கலந்து என்னவோ கேட்டாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. "ஒண்ணுமில்ல, சும்மாதான் வந்தேன்" என்றேன். அவள் உள்ளே வரச் சொன்னாள்.