கூப்பிடு தூரத்தில் உதுமான் நானா

உதுமான் நானா மவுத்தாகிவிட்டார் என்ற செய்தி, தோட்டத்துக்குப் பாண் கொண்டுவரும் ஆளோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தது. பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை சுவரைப் பார்த்து நின்றேன். பிறகு பள்ளியை விட்டுவிட்டுப் பதுளைக்கு நடந்தேன். கடைத்தெருவில் எல்லாரும் பாதிக் கதவு சாத்தியிருந்தார்கள். அவருடைய கடை முழுதாகச் சாத்தியிருந்தது.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய குரலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பூட்டும் லாந்தரும் தீப்பெட்டியும் விற்ற அந்தச் சின்னக் கடையிலிருந்து அவர் பேசினால் தெருக்கோடிவரை கேட்கும். மழைக்காலத்தில் அவர் விற்ற தீக்குச்சிகளில் பாதி பற்றாது. திருப்பிக் கொடுக்கப் போனால், "குச்சி நல்லம், ஒங்கட கைதான் ஈரம்" என்பார். குச்சி பழுது என்று கடைசிவரை ஒப்புக்கொண்டதில்லை. இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் என் குடும்பம் இந்த ஊரில் இருப்பதற்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

பதுளைக்கு ரயில் வராத காலம் அது. திருச்சிப் பக்கத்திலிருந்து நானும் மீனாட்சியும் வந்து இறங்கினோம். பசறை ரோட்டுப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் எனக்கு வாத்தியார் வேலை. அங்கே குடியிருக்க இடம் இல்லை. மீனாட்சி அப்போது தலைச்சன் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். காலையில் நான் போனால் அந்திக்குத்தான் வருவேன். அதுவரை தனியாக இருக்க வேண்டும். "நீங்க இல்லாத நேரத்துல பயமில்லாம இருக்க ஒரு வீடு பாருங்க. இல்லாட்டி என்னைய ஊருக்கு அனுப்பிடுங்க" என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குக் கலக்கமாக இருந்தது. கடல் தாண்டி அனுப்பிவிட்டால் பிள்ளையின் முகத்தை எப்போது பார்ப்பேனோ.

தோட்டத்துக் கங்காணி ஒரு வீடு காட்டினார். ஊருக்கு வெளியே சரிவில் தனி வீடு, நல்ல காற்று, வெள்ளையடித்த சுவர். எதிர் மலையில் பள்ளிக்கூடத்துக் கூரை தெரிந்தது. "அந்தா பாருங்க வாத்தியாரய்யா, கூப்பிடு தூரந்தாங்க" என்றார். மீனாட்சிக்கு வீடு பிடித்துவிட்டது. எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தோடுதான் பூட்டு வாங்க உதுமான் நானாவின் கடைக்கு முதல்முதலாகப் போனேன்.

"எந்த ஊட்டுக்குப் பூட்டு?" என்று கேட்டார். சொன்னேன். கூப்பிடு தூரம் என்பதையும் பெருமையாகச் சேர்த்தேன். எடுத்த பூட்டை அவர் திரும்பவும் தட்டில் வைத்துவிட்டார்.

"வாத்தியார், சத்தத்துக்குச் சிறகு ஈக்கி. ஒங்கட காலுக்கு ஈக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. என்ன கடைக்காரர் இவர், விற்க மாட்டேன் என்கிறாரே என்று நினைத்தேன். அவர் விடவில்லை. "வெயில்ல ஊடு பார்க்கப் படாது. மழை வரட்டும், நானும் வாறன்" என்றார். மழைக்கு அங்கே பஞ்சமா? மறுநாளே குடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

எங்கள் ஊர் சமவெளி. அங்கே கூப்பிட்டால் கேட்கும் இடத்துக்கு, வெற்றிலை மென்று முடிப்பதற்குள் நடந்துவிடலாம். மலையில் குரல் நேரே தாண்டிப் போகும்; கால் பள்ளத்தில் இறங்கி, ஓயா என்னும் ஆற்றைக் கடந்து, மறுபடி ஏற வேண்டும். கங்காணி பொய் சொல்லவில்லை. அவர் பழக்கத்துக்கு அது கூப்பிடு தூரம்தான். பள்ளத்தில் பாலம் என்று கிடந்த இரண்டு மரங்களின்மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "இதுதான் ஒங்கட ரோட்டு" என்றார் நானா. பிறகு வீட்டு வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, "கூப்பிடுங்க" என்றார். கத்தினேன். எதிர் மலையில் கொழுந்து கொய்துகொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்து கையை ஆட்டினாள்.

"கேட்டுட்டா. வந்து சேருவாளா? கேக்கிற தூரம் வேற, வாற தூரம் வேற."

அவர் காட்டிய வீடு கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்தது. அதைப் பார்த்ததும் மீனாட்சியின் முகம் விழுந்துவிட்டது. எதிரே மாட்டு வண்டிகள் அவிழ்த்துப் போடும் இடம். பெரிய மீசைக்காரர் ஒருவர் தன் மாட்டைக் காது கூசும்படி திட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் தையற்கடை, அந்தப் பக்கம் பாண் சுடும் அடுப்பு. "இந்த ஆளுங்க நடுவுலயா?" என்று என் காதருகே கேட்டாள். நானாவுக்கு அது கேட்டுவிட்டது.

"தங்கச்சி, உள்ளுக்குப் பெய்த்து நிண்டு, ஒங்கட மாப்பிள்ளைட பேரச் செல்லிக் கூப்பிடுங்க, பார்ப்பம்."

மீனாட்சி உள்ளே போனாள். சத்தமே இல்லை. நானா காத்திருந்தார். நான் தரையைப் பார்த்தேன். எங்கள் பெண்கள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள் என்பது அவருக்குச் சட்டென்று நினைவு வர, நாக்கைக் கடித்துக்கொண்டார். "சரி சரி, என்னையக் கூப்பிடுங்க. நானாண்டு கூப்பிட்டாப் போதும்!"

"நானா" என்றாள் மீனாட்சி, பூனைக்குட்டி போல.

அவ்வளவுதான். அண்ணனை நானா என்கிற அந்தத் தெருவில் நானா இல்லாதவர் யார்? தையற்காரர் வாயில் நூலோடு எழுந்து வந்தார். பாண்காரர் மாவுக் கையோடு வந்தார். மீசைக்காரர் திட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, "எனத்த தங்கச்சி?" என்று வாசலில் வந்து நின்றார். மீனாட்சி கதவுக்குப் பின்னாலிருந்து சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. இலங்கைக்கு வந்த பிறகு அன்றுதான் அவள் அப்படிச் சிரித்தாள். நானா மடியிலிருந்து பூட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். வரும்போதே கொண்டுவந்திருக்கிறார், கெட்டிக்காரர்!

ஐப்பசி அடைமழையில் ஒரு பகலில் அவளுக்கு வலி கண்டது. நான் பள்ளியில். அவள் கூப்பிட்டிருக்கிறாள். எந்த மீசைக்குப் பயந்தாளோ அந்த மீசைக்காரர்தான் வண்டியைப் பூட்டிக்கொண்டு போய் மருத்துவச்சியை ஏற்றி வந்தார். நானாவின் மனைவி வந்து தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார். எனக்குச் சொல்லத் தையற்காரர் வண்டிப் பாதையில் ஓடி வந்தார். இருவரும் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தபோது, மகள் பிறந்து அழுதுகொண்டிருந்தாள். அன்று ஓயாவில் மரப்பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அந்தச் சரிவு வீட்டில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் முழுதாக நினைத்துப் பார்த்ததில்லை. நினைக்கத் தைரியம் இல்லை.

நன்றி சொல்லப் போனேன். "எனக்கு எனத்துக்கு? கூப்பிட்டது அவ, ஓடினது அவங்க. நான் கடையிலதானே ஈந்தன்" என்று துரத்திவிட்டார். புதிதாக வருகிறவர்களை எல்லாம் இப்படித்தான் மழையில் இழுத்துக்கொண்டு போவார். வாடகைக்கு விடுகிறவர்களுக்கு அவரைக் கண்டால் ஆகாது. அதில் அவருக்கு ஒரு குஷி.

அவரை அடக்கம் செய்த வாரத்தில், பள்ளிக்கூடத்துக்கு அருகிலேயே புது வீடு கட்டியிருப்பதாகவும், வாடகையின்றி வந்து இருக்கலாம் என்றும் தோட்டத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். எனக்கும் முழங்கால் வலி தொடங்கிவிட்டது. அன்று மாலை மீனாட்சியிடம், "நானாவும் இல்லை. இனி இங்கே நமக்கு என்ன இருக்கிறது?" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவரு போயிட்டாரு. ஆனா கூப்பிட்டா வர்றதுக்கு இத்தனை பேரை வச்சுட்டுல்ல போயிருக்காரு. நான் வரலைங்க. நீங்க நடந்தே போய்ட்டு வாங்க."

நடக்கிறேன். காலையில் மனைவியையும் மகளையும் விட்டுவிட்டு, ஒருமுறைகூடப் பயந்து திரும்பிப் பார்க்காமல் அந்தத் தெருமுனையைத் தாண்டுகிறேன். உதுமான் நானாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.