அண்ணன் கேட்ட நெருப்பு

அறுபதுகளின் நடுவில், ராயபுரத்தில் எங்கள் அப்பா இறந்தபோது தொடங்கியது இது. நாங்கள் கத்தோலிக்கர்கள். கல்லறைத் தோட்டத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரே ஒரு குழிதான். யார் இறந்தாலும் அதையே திறப்பார்கள். முன்பு புதைத்தவரின் எலும்புகளைப் பொறுக்கித் துணியில் கட்டி, புதுப் பெட்டியின் கால்மாட்டில் வைத்து மூடிவிடுவார்கள். எங்களுக்குப் பழகிப்போன வழக்கம்.

அன்று அந்தத் துணியில் இருந்தது அம்மா.

அண்ணன் குழி ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். ஒருமுறை கீழே விழுந்து, தொடையில் இரும்புத் தகடு வைத்த காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பான். எதையும் கேலி பேசுகிறவன். அன்று வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னான்: "டேய், தூங்கினு இருந்தவள எழுப்பி மூட்ட கட்டிட்டாங்கடா. என்னைக் கொளுத்திடு. அப்பால எவனும் தோண்ட முடியாது."

நான் சிரித்து மழுப்பினேன்.

சில வருடங்களில் அவன் நெஞ்சு நோயில் படுத்தான். கல்யாணம் ஆகாதவன், அவனுக்கு நான்தான். "நீதான் படிச்சவன், கோயில் கமிட்டில கீற. சாமியார கேட்டுனு வா" என்று நச்சரித்தான். கேட்டேன். எரிக்கக் கூடாது என்ற பழைய தடையைத் திருச்சபை தளர்த்திவிட்டது, பூசை முடித்து எரிக்கலாம் என்றார் பங்குச் சாமியார். "சாம்பலிலிருந்து எழுப்ப ஆண்டவருக்குத் தெரியாதா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அண்ணனிடம் சொன்னேன். முகம் தெளிந்துவிட்டது. "நல்லா காஞ்ச சவுக்குக் கட்டையா வாங்குடா. ஈரக் கட்டைய வெச்சு பேஜார் பண்ணாத. செய்வியா?" என்றான். தலையாட்டினேன்.

அவன் இறந்த அன்று, வீடு நிறைய சொந்தக்காரர்கள். நான் தயங்கித் தயங்கி எரிப்பது பற்றிப் பேச்செடுத்ததும் தாய்மாமன் எழுந்துவிட்டார். "இன்னாடா, கொள்ளி வெக்கப் போறியா? அப்பால கோயிலாண்ட தலை காட்ட முடியுமா நம்மளால? சாமியார் ஒத்துப்பாரா?"

ஒத்துக்கொண்டார் என்று சொல்லியிருக்க வேண்டும். கமிட்டியில் என்னை எப்படிப் பார்ப்பார்கள் என்ற நினைப்புதான் எனக்கு. பேசாமல் இருந்தேன். அந்த மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொண்டு குழியைத் திறக்க ஆள் அனுப்பினார்கள்.

எழுபதுகளின் கடைசியில் சித்தி இறந்தார். மறுபடியும் அதே குழி. வெட்டியவர் மண்ணுக்குள்ளிருந்து எதையோ தூக்கிக் காட்டினார். "இன்னா சார் இது, எலும்போட இரும்பு கீது? கழட்டிப் போட்ரவா?"

துருவேறிய தகடு. அண்ணனின் தொடை.

வேண்டாம் என்று கையைக் காட்டினேன். நானே இறங்கி, அதை இரண்டு கையாலும் வாங்கித் துணியில் வைத்தேன். சாகும்வரை அவன் பயந்தது இந்த ஒன்றுக்குத்தான். அதை அவனுக்குச் செய்தது நான்.

நெருப்பு என்றால் அவமானம் என்று நினைத்திருந்தேன். அவன் கேட்டது, இனி யாருக்காகவும் எழுந்து இடம் விட வேண்டாத ஓர் உறக்கம். அவ்வளவுதான். அது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

இப்போது என் பிள்ளைகளிடம் என்னை எரித்துவிடச் சொல்லியிருக்கிறேன். சரியப்பா என்று தலையாட்டுகிறார்கள். அண்ணனிடம் நானும் இப்படித்தான் தலையாட்டினேன்.