திரையில் விழுந்த கொசுறு

பாலிடெக்னிக்கை நான் விட்டேனா, பாலிடெக்னிக் என்னை விட்டதா என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் ஒரு முடிவு ஏற்படவில்லை. எப்படியோ இரண்டாம் வருடத்தோடு ஆட்டையாம்பட்டிக்கே திரும்பி வந்துவிட்டேன். நான் வந்த சமயத்தில் அண்ணி நூல் மில் வேலையை விட்டிருந்தார். அண்ணன் ரிக் வண்டியோடு போர்வெல் போட வடக்கே போனால் மூன்று மாதம் கழித்துத்தான் முகம் காட்டுவான். ஆக வீட்டில் வேலை பார்க்கிற ஒரே ஆள் அம்மாதான். வேலையில்லாத இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே திட்டினாள்.

அண்ணிக்குக் கைமுறுக்கு நன்றாகச் சுற்ற வரும். ஆனால் எங்கள் ஊரில் முறுக்கு சுற்றத் தெரியாதவர்களைத்தான் எண்ண வேண்டும். பஸ் ஸ்டாண்டில் இன்னொரு கடை போட்டு என்ன பயன்? அதனால் ஆன்லைனில் கடை போடுவது என்று அண்ணி முடிவு செய்தார். அம்மாவிடம் கெடுவும் சொல்லிவிட்டார்.

“தை பொறக்கற வரைக்கும் பாக்கறனுங்க அத்தை. அதுக்குள்ள நிக்கலீன்னா மறுக்கா மில்லு வேன்லயே ஏறிக்கறேன்.”

“வாசம் பாக்காம முறுக்கு வாங்கறவங்க எந்த ஊர்ல இருக்கறாங்கன்னு நானும் பாக்கறேன்” என்றாள் அம்மா.

மில் வேன் தினமும் விடியற்காலையில் எங்கள் வாசலில் ஹாரன் அடிக்கும். வேலையை விட்ட பிறகும் அந்தச் சத்தம் கேட்டால் அண்ணிக்குத் தானாகவே இருமல் வரும். பஞ்சுத் தூசி நெஞ்சில் இருந்து போனாலும் ஹாரன் போகவில்லை.

கடையைக் கட்டும் பொறுப்பு எனக்கு. வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதையெல்லாம் ஒரே இடத்தில் கொட்டினேன். கடையைத் திறந்ததும் திரையில் பட்டாசு வெடிக்கும். முறுக்கு ராட்டினம் மாதிரிச் சுற்றும். கொஞ்ச நேரம் சும்மா நின்றால் ‘இன்னும் வாங்கலையா?’ என்று ஒரு பெட்டி முகத்துக்கு நேரே குதிக்கும். கூடையில் போட்ட முறுக்கை யாராவது வேண்டாமென்று எடுத்தால், முறுக்குக்குக் கண் முளைத்துத் தாரை தாரையாக அழும். அந்த அழுகையை வரைய மட்டும் எனக்கு இரண்டு நாள் ஆனது.

அண்ணி பார்த்துவிட்டுக் கேட்டார். “ஏந் தம்பி, வேண்டாமுன்னு போறவங்க பொறத்தால நம்ம அழுதுக்கிட்டே ஓடுவமா?”

“அவங்க மனசு எளகுமில்ல அண்ணி?”

“எளகாது. அடுத்த தடவ அந்தத் தெரு வழியாவே வர மாட்டாங்க.”

அவர் சொன்னபடிதான் நடந்தது. கடைக்குள் எத்தனை பேர் வருகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்பது என் போனில் தெரியும். எண்ணெயில் முறுக்கு ஒரு பக்கம் வேகிற நேரம்கூட ஒருவரும் நிற்கவில்லை. முதல் வாரம் இரண்டு ஆர்டர் வந்தது. அதில் ஒன்று நான் போட்டது.

பட்டாசையும் அழுகையையும் தூக்கிவிட்டேன். சின்னச் சின்ன விஷயம் மட்டும் வைத்தேன். முறுக்கைத் தொட்டால் ‘நறுக்’ என்று உடைந்து உள்ளே இருக்கும் எள் தெரியும். அந்தச் சத்தத்துக்காகப் போன் பக்கத்தில் வைத்து நிஜ முறுக்கையே உடைத்துப் பதிவு செய்தேன். பதினேழு முறுக்கு ஆனது.

“இவன் சத்தம் புடிக்கறானா, பசிக்குத் திங்கறானா?” என்றாள் அம்மா.

இரண்டும்தான். அதற்குப் பிறகு வந்தவர்கள் கொஞ்சம் நின்றார்கள். முறுக்கை உடைத்து உடைத்துப் பார்த்தார்கள். ஆனால் வாங்கவில்லை. வாசல் வரை வந்து, செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசிக்கிற விருந்தாளிகள் மாதிரித் திரும்பிப் போனார்கள்.

ஒரு நாள் மத்தியானம் எங்கள் வீட்டு முன்னால் ஒரு கார் நின்றது. அடுப்பு வாசனைக்கு நிறுத்தியிருப்பார்கள். இறங்கியவர் முறுக்கின் அளவில் குறை சொன்னார், நிறத்தில் குறை சொன்னார். அண்ணி பத்து முறுக்கை எண்ணிக் காகிதக் கவரில் போட்டு வாயை மடித்தார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர் மாதிரி மடிப்பைப் பிரித்து, ஒரு குட்டி முறுக்கை உள்ளே போட்டுக் கொடுத்தார். கடைசி மாவில் இரண்டே சுற்றுச் சுற்றியது. கொசுறு. அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த ஒன்றுக்குத்தான் காசு கொடுத்தது போலவும், மற்ற பத்தும் சும்மா வந்தது போலவும் சிரித்துக்கொண்டே காரில் ஏறினார்.

மறுநாள் ‘சும்மாதான் அண்ணி’ என்று சொல்லி அவர் கையை வீடியோ எடுத்தேன். பச்சைக் கண்ணாடி வளையல் இரண்டு, கட்டைவிரலில் அரிசி மாவு. அதைக் கடையில் சேர்த்தேன். ஒருவர் பத்து முறுக்கைக் கூடையில் போட்டதும் கவரின் வாய் மடங்கும். ஒரு கணம் ஒன்றும் நடக்காது. பிறகு ஓரத்திலிருந்து அந்தக் கை வரும், மடிப்பைப் பிரிக்கும், குட்டி முறுக்கு ஒன்றைப் போடும். வளையல் லேசாகக் குலுங்கும். அவ்வளவுதான். கவனிக்காதவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

கவனித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. கையைப் பார்ப்பதற்காகவே கூடையில் போட்டார்கள், எடுத்தார்கள், மறுபடியும் போட்டார்கள். கடைசியில் எடுக்க மறந்து வாங்கியும் விட்டார்கள். கார்த்திகை முடிவதற்குள் நாற்பத்திரண்டு பெட்டி போயிருந்தது. எல்லாம் ‘நறுக்’ சத்தத்தின் மகிமை என்று அண்ணி நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் பெருமையாக உண்மையைச் சொல்லலாம் என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் வாயை மூடியிருந்தது அந்த ஒரு தடவைதான். அதுவும் தப்பாகப் போனது.

அண்ணி மாவு பிசைந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

“ஏனுங்க, முறுக்குக் கடைங்களா? கோயமுத்தூர்ல இருந்து பேசறனுங்க.”

“சொல்லுங்க்கா. முறுக்கு வந்து சேந்துதுங்களா?” என்றார் அண்ணி.

“வந்துதுங்க. நல்லா இருக்குது. ஆனா பத்துதானுங்க இருக்குது.”

“பத்துதானுங்களே கணக்கு.”

“அதில்லீங்க. கடைசியா நீங்க ஒண்ணு சேத்திப் போட்டீங்களே, அதக் காணோம். எங்க ஊட்டுக்காரரு பொட்டியக் கவுத்துத் தட்டிப் பாத்துக்கிட்டு இருக்கறாருங்க.”

“நானுங்களா? நான் எப்பங்க போட்டேன்?”

“போன்லதானுங்க பாத்தோம். பச்ச வளையல் போட்ட கை.”

அண்ணி தன் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த பல்லியை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

‘அனுப்பி வெக்கறனுங்க்கா’ என்று சொல்லி அண்ணி பேச்சை முடித்தார். கடையைத் திறந்து காட்டச் சொன்னார். கை வந்தது, கொசுறைப் போட்டது, போனது. மறுபடி காட்டச் சொன்னார்.

“அது வெறும் படந்தானுங்க அண்ணி” என்றேன்.

“படஞ் செரி. கை என்னுதுதான?”

அம்மாதான் நடுவில் வந்தாள். “அந்தக் கைய எடுத்து உட்டுரு சாமி. எதுக்கு வம்பு?”

“கைய எடுத்தா ஆர்டரும் போயிரும்மா. தை பொறந்தா வேனுதான்.”

“கைய எடுக்கச் சொல்லி நாஞ் சொன்னனா?” என்றார் அண்ணி. “படத்துல போட்டத நெசத்துலயும் போடோணும். இனிமே போறதுல எல்லாம் போடறேன். ஏற்கனவே போன நாப்பத்திரண்டு பேருக்கும் தனியா அனுப்போணும்.”

“ஒத்த முறுக்குங்களா? போய்ச் சேரறப்ப கோலப்பொடிதான் இருக்கும்.”

“பொடியாப் போவாம அனுப்பறது உன்ற வேல. ஏமாத்துனது உன்ற கைதான?”

மொட்டை மாடியிலிருந்து முறுக்கைப் பெட்டியோடு போட்டுப் பார்த்தேன். பஞ்சில் சுற்றினேன், பழைய துணியில் சுற்றினேன். எல்லாம் பொடி. கடைசியில் நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் என் கூட்டாளி முட்டை அட்டை கொடுத்தான். ஒரு துண்டு அட்டையின் குழிக்குள் குட்டி முறுக்கை வைத்து, இன்னொரு துண்டைக் கவிழ்த்து ஒட்டிப் போட்டேன். மாடியிலிருந்து விழுந்தும் முழுசாக இருந்தது. பாலிடெக்னிக்கில் ஒரு பாடமும் இவ்வளவு ஒழுங்காக நான் செய்ததில்லை.

‘கொசுறு விட்டுப்போச்சுங்க, கோவிச்சுக்காதீங்க’ என்று நாற்பத்திரண்டு சீட்டு என் கையாலேயே எழுத வைத்தார் அண்ணி. கூரியர் ஆபீஸ்காரர் பெட்டியை ஆட்டிப் பார்த்தார்.

“உள்ள என்னடா?”

“முறுக்குங்கண்ணா. ஒண்ணே ஒண்ணு.”

“நாப்பத்திரண்டு பொட்டியிலயுமா? இதுக்கு நீயே கையில புடிச்சுக்கிட்டு நடந்து போயிருக்கலாமே!”

நான்கு நாள் போன் அடிக்கவில்லை. மார்கழிக் குளிரில் அண்ணி வாசலைக் கூட்டும்போது மில் வேன் கடந்து போகும். அந்த நான்கு நாளும் அவர் இருமினார். நான் கிண்டல் செய்யவில்லை.

ஐந்தாம் நாள் கோயமுத்தூர் அக்கா கூப்பிட்டார். “வந்துதுங்க. முழுசா வந்துது. அத மட்டும் இவரு யாருக்கும் குடுக்க மாட்டேங்கறாருங்க. எங்க பொண்ணு வளைகாப்புக்கு முறுக்கு வேணும். எத்தன நாளைக்கு முன்னால சொல்லோணும்?”

அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் ஒன்பது பேர். சிலர் முட்டை அட்டையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். மறுவாரம் அவர்களுடைய பங்காளிகள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் கடைக்குள் வந்து கையைப் பார்த்தார்கள். இப்போது கொசுறு சுற்றுவது அம்மாவின் பொறுப்பு. அவள் சுற்றும் கொசுறு மாதாமாதம் பெரிதாகிக்கொண்டே போகிறது. “திரையில சின்னதாத்தாம்மா இருக்குது” என்றால், “அப்ப திரையப் பெருசாக்குடா” என்கிறாள்.

அந்தத் தை பிறந்து, பொங்கல் லீவு முடிந்து மில் திறந்த அன்று வேன் எங்கள் வாசலில் நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார். “என்னம்மிணி, கெடு முடிஞ்சுதாமா? ஏறறீங்களா?”

அண்ணி இருமவில்லை. உள்ளே போய் இரண்டு குட்டி முறுக்கை எடுத்து வந்து அவர் கையில் வைத்தார்.

“நான் ஒண்ணும் வாங்கவே இல்லீங்களே, கொசுறு எதுக்குங்க?”

“இத்தன வருசம் ஆரன் அடிச்சு எழுப்பி உட்டீங்களே, அதுக்குங்க” என்றார் அண்ணி.