மருந்து அட்டையில் அவர் பெயர்

கள்ளக்குறிச்சி தபால் அலுவலகத்திலிருந்து நான் ஓய்வு பெற்றபோது ஒரு படிவம் கொடுத்தார்கள். மருந்துக்கென்று ஒரு சிறு தொகையை மாதாமாதம் பென்ஷனோடு வாங்கிக்கொள்ளலாம். அது வேண்டாமென்றால் மத்திய அரசின் மருந்து அட்டை எடுத்து, கணவனும் மனைவியும் வேண்டிய மாத்திரைகளைப் பாண்டிச்சேரியில் உள்ள மருந்தகத்தில் பெற்றுக்கொள்ளலாம். இரண்டில் ஒன்றுதான். எனக்கு அட்டை சரியென்று பட்டது. என் கணவர் பணம்தான் என்றார். பாண்டிக்கு யார் மாசாமாசம் அலைவது என்று கேட்டார்.

அவர் களமருதூரில் நெல் பயிரிடுகிறவர். அன்றைக்கு அவர் உடம்பில் ஒரு குறையும் இல்லை. எனக்கும் பிரஷர் மாத்திரை ஒன்றுதான். சண்டை வேண்டாமென்று அவர் காட்டிய கட்டத்திலேயே டிக் போட்டேன். அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மூன்றாம் வருடம் வயலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பிழைத்துக்கொண்டார். அதன்பிறகு தினமும் ஏழு மாத்திரை. வருகிற தொகை பத்து நாளைக்குக்கூடப் போதவில்லை. ஒருநாள் அவருடைய டப்பாவைத் திறந்தால், தீர்ந்திருக்க வேண்டிய மாத்திரைகளில் பாதி அப்படியே கிடந்தன. கேட்டதற்கு, ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவதாகச் சொன்னார், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற முறையைச் சொல்வது போல.

மறுநாளே நான் வேலை பார்த்த அலுவலகத்துக்குப் போய் விசாரித்தேன். அட்டைக்கு மாறலாம், ஆனால் வாழ்நாளில் ஒரே தடவைதான் என்றார்கள். படிவத்தை வாங்கிவந்து அவர் முன்னால் வைத்தேன். அதில் 'ஓய்வூதியரைச் சார்ந்து வாழ்பவர்' என்ற வரிக்குக் கீழே அவர் கையெழுத்துப் போட வேண்டும். தேடாமல், நேராக அந்த வரியில் போய் விரலை வைத்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முதல் படிவத்திலும் இதே வரி இருந்தது; அப்போதே படித்திருக்கிறார். பாண்டிச்சேரி தூரம் என்றதெல்லாம் சாக்கு.

"நான் இன்னா உன் சோத்துலயா வாழறேன்? செத்தாலும் இதுல கையெழுத்து போட மாட்டேன்."

முப்பது வருடமாக யார் சம்பளத்தில் உலை வைத்தேன் என்று கேட்க வாய்வரை வந்தது. அதற்குப் பதில், கல்யாணமான நாளிலிருந்து அவரை 'நீங்க' என்றே பேசிய நான், அன்று முதல் தடவையாக மாற்றிச் சொன்னேன்.

"சாவறதுன்னா கையெழுத்த போட்டுட்டு சாவு."

பேனாவைச் சுவரில் எறிந்தார். எடுத்துவந்து மறுபடி படிவத்தின் மேல் வைத்தேன். நாலு நாள் அந்தத் தாள் அங்கேயே கிடந்தது. ஐந்தாம் நாள் காலை குளித்துவிட்டு வந்தவர், மூச்சு வாங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவரைத் தாங்கப் போகவில்லை. படிவத்தை எடுத்துப்போய் நீட்டினேன். அதைப் பெருமையாகச் சொல்ல முடியாது. தப்பென்றும் சொல்ல மாட்டேன். கதவின் மேலேயே தாளை வைத்து, என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

இப்போது மாதம் ஒருமுறை நான்தான் உளுந்தூர்பேட்டை போய்ப் பஸ் ஏறிப் பாண்டிச்சேரியிலிருந்து வாங்கிவருகிறேன். ஒருநாள் விடாமல் போட்டுக்கொள்கிறார். தேவைக்கு மேல் என்னிடம் ஒரு சொல் பேசுவதில்லை. போன மாதம் பார்க்க வந்த அவருடைய அண்ணனிடம், மாத்திரையெல்லாம் கவர்ன்மெண்ட் கொடுக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் இருந்தேன். போய்த் திருத்தவில்லை. விட்டுக்கொடுத்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவரோடு பேசப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.