பையில் இருந்த கொடுவாக்கத்தி

மூன்று வருடங்களுக்கு முன் டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் நடந்தது இது. நான் வேலை செய்த தொழிற்சாலை மூடப்பட்டதால், நாற்பத்தெட்டு வயதில் முதியோர் பராமரிப்புப் படிக்க ஒரு கல்லூரியில் சேர்ந்திருந்தேன். கூடப் படித்தவர்கள் எல்லோருக்கும் என் மகளின் வயது.

ஒரு வெள்ளிக்கிழமை, அவரவர் ஊர்ச் சாப்பாட்டை வகுப்புக்குக் கொண்டுவருவதாக ஏற்பாடு. நான் புட்டும் சம்பலும் என்று பெயர் கொடுத்திருந்தேன். புட்டை வீட்டிலேயே அவித்துவிட்டேன். ஆனால் சம்பலுக்கான தேங்காயை அவர்கள் கண்முன்னால் உடைத்துக் காட்ட ஆசை. உள்ளங்கையில் தேங்காயை வைத்து, கத்தியின் பின்பக்கத்தால் ஒரே போடு. தண்ணீர் ஒரு சொட்டும் சிந்தாது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

காலையில் கணவர் வாசலில் மறித்தார். "இஞ்சாரும், உந்தக் கொடுவாக்கத்தியோடையோ பஸ் ஏறப் போறீர்?"

"பின்னை, தேங்காயைப் பல்லாலையோ உடைக்கிறது?" என்று கேட்டுவிட்டு நடந்தேன்.

அன்று முதல் பாடம் விவாதம். அமெரிக்காவில் சில இடங்களில் இருப்பதுபோல, மாணவர்கள் கல்லூரிக்குள் துப்பாக்கி வைத்திருக்க விடலாமா? விடலாம் என்பவர்கள் ஜன்னல் பக்கம், கூடாது என்பவர்கள் கதவுப் பக்கம் நிற்க வேண்டும். எல்லோரும் கதவுப் பக்கம் போனோம். ஒரே ஒருத்தி மட்டும் ஜன்னலடிக்குப் போனாள். ஸ்கீவ என்ற சிற்றூர்ப் பக்கத்துப் பண்ணைப் பெண். வேட்டையாட அனுமதி பெற்றவள். "முறையாகப் பழகியவர் வைத்திருந்தால் மற்றவர்களுக்கும் அது பாதுகாப்புத்தானே?" என்றாள். நோயாளியைத் தொடுமுன் தன் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளும் பிள்ளை அவள். இவளுக்குள் இப்படி ஒரு எண்ணம் எங்கிருந்து வந்தது என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் முறை வந்தபோது, யாழ்ப்பாணத்தில் நான் படித்த ரியூசன் வகுப்பைப் பற்றிச் சொன்னேன். ஒருநாள் ஒரு மாணவன் துப்பாக்கியோடு வந்து அதை மேசையில் வைத்தான். யாரையும் மிரட்டவில்லை, எங்களோடு இருந்து கணக்குத்தான் செய்தான். அன்று ஆசிரியர் கரும்பலகையில் ஒரு பிழை விட்டார். எல்லோரும் கண்டோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பிழையை அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். "துவக்கு இருக்கிற இடத்தில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்" என்று என் அரைகுறை டேனிஷில் முடித்தேன். கைதட்டினார்கள். ஜன்னலடிப் பெண்ணும் தட்டினாள்.

பிறகு சாப்பாட்டு நேரம். நான் பையைத் திறந்து, முழங்கை நீளக் கத்தியை எடுத்து மேசையில் வைத்தேன்.

வகுப்பு அடங்கிப்போனது. யாரோ கதிரையைப் பின்னால் இழுத்தார்கள். ஆசிரியையின் முகம் வெளிறிவிட்டது. தேங்காயும் கையுமாகச் சிரித்துக்கொண்டு நின்ற எனக்கு, முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகுதான் அந்த அமைதி எனக்குத் தெரிந்த அமைதி என்று உறைத்தது.

"நான் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும்" என்றார் ஆசிரியை மெதுவாக. தக்க காரணமில்லாமல் இங்கே கத்தியோடு வெளியே போவது குற்றம். பொலிசில் என் பெயர் பதிந்தால் எந்த முதியோர் இல்லமும் வேலை தராது, படிப்பும் அத்தோடு சரி. பயத்தில் தெரிந்த டேனிஷ் எல்லாம் மறந்துபோனது. தேங்காயை நெஞ்சோடு அணைத்தபடி நின்றேன்.

பின்னாலிருந்து அந்த வேட்டைக்காரப் பெண் வந்தாள். கத்தியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இது எதற்கு?" என்று கேட்டாள். நான் தேங்காயை உயர்த்திக் காட்டினேன். "செய்து காட்டுங்களேன்" என்று ஒரு கிளாசை என் பக்கம் தள்ளினாள்.

ஆசிரியையைப் பார்த்தேன்; தலையாட்டினார். போட்டேன். பாதித் தண்ணீர் நிலத்தில். யாரோ சிரித்தார்கள், ஆசிரியை பெருமூச்சு விட்டுக் கதிரையில் அமர்ந்தார். கத்தி மாலைவரை அலுவலகத்தில் இருந்தது. காரணம் சொன்னதும் விஷயம் அங்கேயே முடிந்தது.

"இதைச் சும்மா பைக்குள் போட்டா பஸ்ஸில் கொண்டுவந்தீர்கள்? எங்கள் வீட்டில் துவக்கைப் பூட்டி உறையில் போடாமல் வாசல் தாண்ட விடமாட்டார்கள்" என்று அந்த வேட்டைக்காரப் பெண் என்னை ஏசிவிட்டு, தன் துவாயால் கத்தியைச் சுற்றிக் கட்டி, தன் காரிலேயே வீட்டில் கொண்டுபோய் விட்டாள். கணவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "பல்லாலையே உடைச்சிருக்கலாம்" என்றார்.

கல்லூரிக்குள் துப்பாக்கி கூடாது என்பதில் எனக்கு இன்றும் மாற்றமில்லை. ஆனால் அன்று ரியூசனில் மேசையில் துப்பாக்கியை வைத்தவனிடம் "இது எதற்கு?" என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லையே, கேட்டிருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான் என்ற யோசனை, தேங்காய் உடைக்கும்போதெல்லாம் எனக்கு வருகிறது.